மோட்டார் நின்ற பத்து நாள்

என் அப்பா மொரப்பூர் ஸ்டேஷனில் விளக்குக்காரர். சிக்னல் கம்பத்தில் ஏறி விளக்கு வைப்பது, விடிந்ததும் இறக்குவது, எண்ணெய் ஊற்றுவது, திரி நறுக்குவது எல்லாம் அவர் வேலை. கண்ணாடி துடைப்பது மட்டும் எங்கள் வேலை. நாங்கள் மூன்று பெண்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சலித்த சாம்பலையும் பழைய வேட்டித் துணியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். திரியை நேராக நறுக்கினால் சுடர் இரண்டு பக்கமும் கொம்பு விடும், கண்ணாடி கரி பிடிக்கும். இரண்டு முனையையும் துளி மழித்துவிட வேண்டும். பன்னிரண்டு வயதில் இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் நான் செய்த ஒரு பிழைக்கு என் அறியாமை காரணமில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றுதான் காரணம்.

சேலத்தில் நர்ஸ் படிப்பு முடித்து, தருமபுரிப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தேன். இருபது கட்டில், ஓட்டுக் கூரை, ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நான். வார்டு ஆயா ஒருத்தி, வார்டு ஆள் ஒருவர், தோட்டக்காரர் ஒருவர். இவர்களோடு கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்க ஓர் ஆளும் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமாக ஒரு ஜோடி மாடும். கிணறு ஐம்பது அடி ஆழம். மேட்டில் இரண்டு கல்தூண், அவற்றின் குறுக்கே மரச்சட்டம், சட்டத்தில் உருளை. மாடுகள் சரிவில் இறங்க இறங்கத் தோல் சால் தண்ணீரோடு மேலே வரும். கவலைக்காரர் பின்பக்கமாகவே மாடுகளை மேட்டுக்கு நடத்திக்கொண்டு வருவார். காலையில் நான் வார்டுக்குப் போகும்போது அந்த உருளைச் சத்தம் கேட்கும். அதை நான் தனியாகக் கவனித்ததே இல்லை.

போர் தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்பு மேட்டூரிலிருந்து கரண்ட் வந்தது. ஊரிலேயே முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் கம்பி இழுத்தார்கள். பல்பு எரிந்ததை வெளியில் நின்று பார்த்தவர்கள், உள்ளே இருக்கும் நோயாளிகளுக்கு இனி உடம்பு சீக்கிரம் குணமாகும் என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த மாதம் கிணற்றுக்குள் ஒரு திட்டு கட்டி மோட்டார் இறக்கினார்கள். செங்கல் மேடை மேல் தொட்டி வைத்துக் குழாய் போட்டார்கள். மாடுகள் ஏலத்தில் போயின. கவலைக்காரரை டாக்டர் கூப்பிட்டு, இனி அவருக்கு வேலை இல்லை என்று சொன்னார். நான் பக்கத்தில் மருந்து மடித்துக்கொண்டிருந்தேன். அவர் மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரிங்க" என்று மட்டும் சொன்னார். வத்தல்மலை அடிவாரத்தில் அவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. அங்கே போய்விட்டார்.

கல்தூண்கள் நின்றன. மரச்சட்டமும் உருளையும் ஒரு வருடம் வெயிலில் கிடந்தன. போர் வந்து விறகு கிடைப்பது கஷ்டமான ஒரு மழை நாளில், கருவிகளை வேகவைக்கும் அடுப்புக்கு அவற்றைப் பிளந்துகொள்ளட்டுமா என்று தோட்டக்காரர் கேட்டார். பிளந்துகொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். மாடு இறங்கிய சரிவில் மண் பொதபொதவென்று இருந்தது. அங்கே வெண்டை விதை ஊன்றினேன். நன்றாகக் காய்த்தது.

கரண்ட் அவ்வப்போது போகும். அரைமணி, ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். ஒருநாள் பொழுது இறங்கும் நேரத்தில், மாடு முட்டி வயிறு கிழிந்த ஒருவரை டாக்டர் தைத்துக்கொண்டிருந்தபோது போய்விட்டது. டார்ச்சில் பேட்டரிக் கட்டை இல்லை. போர்க்காலத்தில் கட்டை கிடைக்காது. அரிக்கேன் விளக்கைத் தேடினால் ஸ்டோரில் பழைய பாய்களுக்கு அடியில் கிடக்கிறது, அதில் எண்ணெய் இல்லை. டாக்டர் ஊசியைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றார். கரண்ட் வந்தது, தையல் முடிந்தது, அந்த ஆளும் பிழைத்தார். கை கழுவும்போது டாக்டர் என்னிடம் சொன்னார்:

"கரண்ட் போனா என்ன பண்றதுன்னு நீங்க ஒரு ஏற்பாடு செஞ்சுடுங்க நர்ஸம்மா. விளக்கு விஷயம் உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படிப்பில் டாக்டருக்கும் கம்பவுண்டருக்கும் கீழே இருந்தவளுக்கு, அவர்களுக்குத் தெரியாத ஒரு வித்தை கையில் இருந்தது. பன்னிரண்டு அரிக்கேன் விளக்குகளைத் துடைத்து எண் போட்டேன். ஒவ்வொரு வாசல் நிலையிலும் கை எட்டும் உயரத்தில் ஆணி அடித்து மாட்டினேன். எந்த விளக்கு யாருடைய பொறுப்பு என்று பிரித்தேன். தீப்பெட்டிகளைத் தகர டப்பாவில் போட்டு, நமுத்துப்போகாமல் இருக்க வாயைத் துணியால் கட்டினேன். ஆபரேஷன் அறைக்கு ஒரு பெட்ரோமாக்ஸ், அதன் காலிலேயே கட்டிவைத்த, பற்றவைக்கும் ஸ்பிரிட் புட்டி. அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். அவர் ரயில் கார்டு ஒருவர் கையில் ஒரு சுருள் திரி கொடுத்தனுப்பினார்.

மண்ணெண்ணெய்க்கு அப்போது ரேஷன் கார்டு. வரும் எண்ணெயில் ஒரு டின்னைத் தனியாக எடுத்து வைத்துப் பூட்டினேன். ஒரு தடவை டாக்டர் வீட்டம்மா ஒரு புட்டி எண்ணெய் கேட்டு ஆள் அனுப்பினார். இல்லை என்று சொல்லிவிட்டேன். டாக்டர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, ஆனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மணி அடிப்பேன். ஜன்னலெல்லாம் சாத்தி இருட்டாக்கி, அவரவர் தங்கள் விளக்கை ஏற்றிக்கொண்டு அவரவர் இடத்தில் போய் நிற்க வேண்டும். முதல் வாரம் வார்டு ஆயா கம்பவுண்டர் மேல் மோதிக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது. ஜில்லாவிலிருந்து பெரிய டாக்டர் பார்வையிட வந்தபோது இதைச் செய்து காட்டினோம். இப்படி ஓர் ஏற்பாட்டை வேறெங்கும் பார்த்ததில்லை என்று அவர் சொன்னார். அந்த வாரம் முழுவதும் எனக்குத் தரை மேல் கால் பாவவில்லை.

வைகாசி கடைசியில் ஒரு மத்தியானம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. வெகு நாளாக மழை இல்லை. முதலில் மண்ணை வாரி அடித்த காற்று, பிறகு கல்மழை. ரோட்டோரத்துப் புளியமரம் ஒன்று கம்பிகளின் மேல் சாய்ந்தது. அது இழுத்த இழுப்பில் வரிசையாகப் பல கம்பங்கள் படுத்துவிட்டன. கரண்ட் போயிற்று. பொழுது போவதற்கு முன்னாலேயே எங்கள் பன்னிரண்டு விளக்கும் எரிந்தன. யாரும் யார் மேலும் மோதவில்லை. டாக்டர் வார்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் தலையசைத்தார்.

விடிந்ததும் வார்டு ஆயா வந்து சொன்னாள்: "கொழாயில காத்துதாங்க வருது."

மோட்டாரும் கரண்டில்தான் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? தெரியும். அதற்கு முன்னால் கரண்ட் போனபோதெல்லாம் தொட்டியில் தண்ணீர் இருந்தது. தொட்டி காலியாகும் முன் கரண்ட் வந்துவிடும். அதனால் இரண்டையும் சேர்த்து நான் நினைத்ததே இல்லை. கரண்ட் என்றால் எனக்கு வெளிச்சம். இருட்டைப் பற்றி மட்டுமே யோசித்து, பகலில் என்ன நடக்கும் என்று யோசிக்காமல் விட்டிருந்தேன்.

வெளியே வந்து கிணற்றை எட்டிப் பார்த்தேன். கோடை முடிந்து தண்ணீர் கீழே கிடந்தது. கயிறு போட்டுச் சேந்த ஓர் உருளைகூட இல்லை. மழை பெய்ததே என்றால், பெய்த மழை வெந்த மண்ணில் இறங்கிவிட்டது. ஊர்ப் பொதுக்கிணறு அரை மைலுக்கு அந்தப் பக்கம். ஏரியில் சேறுதான்.

தோட்டக்காரரும் வார்டு ஆளும் பழைய கயிறு ஒன்றில் வாளியைக் கட்டிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று இழுத்தார்கள். ஐம்பது அடிக்குக் கீழேயிருந்து வாளி வரும்போது பாதி தளும்பிக் கொட்டியிருக்கும். இருபது பேர் படுத்திருக்கும் வார்டு. அதில் நான்கு பேருக்குச் சீதபேதி. துணி துவைக்க வேண்டும், தரை கழுவ வேண்டும், கக்கூஸுக்கு ஊற்ற வேண்டும், கருவிகளை வேகவைக்க வேண்டும். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தங்களுக்குக் குடிக்க மட்டும் பொதுக்கிணற்றிலிருந்து சொம்பிலும் குடத்திலும் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். கம்பம் நட வந்த ஆட்களைப் போய்ப் பார்த்த டாக்டர், போர்க்காலத்தில் சாமான் வந்து சேர வேண்டும், ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும் என்று செய்தி கொண்டுவந்தார். விளக்குக்குப் பத்து நாள் எண்ணெய் இருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கயிறு அறுந்து வாளி உள்ளே விழுந்தது. வேறு கயிறு தேடி வார்டு ஆள் ஊருக்குள் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் வத்தல்மலையிலிருந்து ஒரு பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புருஷனும் அவன் அண்ணன் தம்பிகளும் நான்கு பேர் மாற்றி மாற்றிச் சுமந்திருந்தார்கள். கூட அவளுடைய ஆத்தா. வலி கண்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, ஆயுதம் போட்டுத்தான் எடுக்க வேண்டும், அதுவும் உடனே என்றார்.

வேகவைக்கும் அறையில் அரைக்குடம் தண்ணீர் இருந்தது. அதில் கருவிகள் மட்டும் வேகும். டாக்டரும் நானும் முழங்கை வரை கை தேய்த்துக் கழுவ வேண்டும், அந்தப் பெண்ணைக் கழுவ வேண்டும், பிறந்தால் குழந்தைக்கும் வேண்டும். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் போனேன்.

ஒவ்வொரு கட்டிலாக நின்று கேட்டேன். உள்ளே ஒரு பெண்ணுக்குப் பிரசவம், குடிக்க வைத்திருப்பதில் முடிந்ததை ஊற்றுங்கள் என்றேன். பெரும்பாலோர் பேசாமல் ஊற்றினார்கள். சீதபேதிக்காரர் ஒருவரின் மகள், ஊற்றலாமா, எங்களுடையது பரவாயில்லையா என்று கேட்டாள். அவளுடையது மட்டும் வேண்டாம் என்றேன். மலையிலிருந்து வந்தவர்கள் தோளில் மாட்டியிருந்த சுரைக்குடுக்கைத் தண்ணீரையும் அண்டாவில் கவிழ்த்தார்கள்.

ஆண்கள் வார்டில் கடைசிக் கட்டிலில் குடலிறக்கம் ஆபரேஷன் ஆன ஒரு விவசாயி. நிலபுலன் உள்ள குடும்பம். அவர் கட்டிலுக்கு அடியில் நிறைகுடம் இருந்தது, பெரிய பித்தளைக் குடம். அவர் அண்டாவைப் பார்த்தார், வாசலில் நின்ற மலைக்காரர்களைப் பார்த்தார்.

"தர மாட்டேன்னு சொல்லலைங்க. அவுங்க ஊத்துனதுல எங்க தண்ணிய ஊத்த முடியாதுங்க. தனியா ஒரு ஏனம் கொண்டாங்க."

எங்கள் எல்லோருக்கும் அது புரிந்த பேச்சுத்தான். யார் தொட்ட தண்ணீர் யாருக்கு ஆகாது என்பது அந்த வார்டில் தினமும் நடக்கும் விவகாரம். தினமும் நானும் அதற்கு வளைந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். தனிச் சொம்பு, தனி டம்ளர், தனி மூலை என்று. அன்றைக்குத் தேடிப் போக வேறு பாத்திரமும் இல்லை, நேரமும் இல்லை.

"கொதிக்க வைக்கப் போறோங்க. கொதிச்சா எல்லாம் ஒரே தண்ணிதான்" என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து, மிச்சம் வைக்காமல் அண்டாவில் சாய்த்தாள். குடம் காலியானதும் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் அவளோடு பேசவில்லை என்று ஆயா சொன்னாள். மூன்றாம் நாள் கஞ்சிக்கு உப்புப் போதவில்லை என்று சொன்னாராம், அதோடு முடிந்தது.

குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. தலை ஒரு பக்கம் நசுங்கி நீலம் பாரித்துக் கிடந்தது. நான் காலைப் பிடித்துத் தூக்கித் தட்டி, வாயைத் துடைத்து, மறுபடி தட்டிய பிறகு அழுதது. தாயும் பிழைத்தாள். ஆனால் மூன்றாம் நாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சலைப் பிரசவ வார்டில் வேலை செய்த யாருக்கும் தெரியும். சல்பா மாத்திரை இருந்தது, போதுமான அளவு இல்லை. பதினோரு நாள் அவள் நினைவு தப்பியும் தப்பாமலும் கிடந்தாள். மலையிலேயே இரண்டு நாள் யார் யார் கையோ பட்டிருக்கிறது, காய்ச்சல் அங்கேயே தொற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அன்றைக்கு நான் எவ்வளவு தண்ணீரில் கை கழுவினேன் என்று எனக்குத் தெரியும். டாக்டர் கழுவி முடித்து மிஞ்சியதில் இரண்டு சொம்பு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் கை கழுவும்போது சில நாள் அந்த இரண்டு சொம்பு நினைவுக்கு வரும். பதில் தெரியாத கேள்வியோடு வாழப் பழகிக்கொள்ளலாம். அது பழகிவிடும். மறந்துதான் போகாது.

குழந்தை பிறந்த அன்று மத்தியானமே ஆயாவைக் கூட்டிக்கொண்டு கவலைக்காரரைத் தேடிப் போனேன். அடிவாரம் வரை நடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எதற்குப் போகிறோம், என்ன சொல்லிக் கேட்பது என்று வழி முழுவதும் வார்த்தை கோத்துக்கொண்டே போனேன். அவர் தம் மானாவாரிக் காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். மழைக்காகக் காத்திருந்த காடு. பின்னால் அவர் மனைவி உழுத தடத்தில் நிலக்கடலை விதை போட்டுக்கொண்டு வந்தாள். எங்களைப் பார்த்து ஏரை நிறுத்தினார்.

கோத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. மோட்டார் நின்றுவிட்டது, தண்ணீர் இல்லை என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் மனைவிதான் பேசினாள்.

"மாட்ட வித்தீங்க, ஆள அனுப்பிச்சிட்டீங்க. இப்ப மாடும் வேணும், ஆளும் வேணும்னா எப்பிடிங்க நர்ஸம்மா?"

அதில் கோபம் இல்லை. மடியிலிருந்த விதை சிந்தாமல் பிடித்துக்கொண்டு, உள்ளதை உள்ளபடி கேட்டாள். அவர் மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, மரச்சட்டமும் உருளையும் இருக்கிறதா என்று கேட்டார். அடுப்பில் எரித்துவிட்டோம், எரிக்கச் சொன்னது நான்தான் என்றேன். சரிவில் வெண்டை போட்டிருப்பதையும் சொல்லிவிட்டேன். அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தார்.

"காடு ஈரமா இருக்கறது அஞ்சாறு நாளுதாங்க. இத வுட்டா இந்த வருசம் கடலை இல்லைங்க" என்றார். எங்கள் கம்பத்தைச் சாய்த்த அதே மழைதான் அவருக்குச் சோறு. திரும்பிப் போகலாம் என்று ஆயாவைப் பார்த்தேன். அப்போது அவர் மனைவி அவரிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வெடியறப்ப மாட்டப் புடிச்சிக்கிட்டு வரேனுங்க. பொழுது பனமரத்து ஒசரம் ஏர்ற வரைக்கும் எறைக்கறேன். அப்பறம் நான் ஏர் கட்டணும். போன நேரத்துக்கு ஈடா, வெதை போட ரெண்டு ஆள் அனுப்புங்க."

ஊரில் இது சாதாரணம். என் காட்டுக்கு நீ வா, உன் காட்டுக்கு நான் வருகிறேன் என்பது. ஆஸ்பத்திரி அதில் சேர்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். டாக்டரிடம் சொன்னபோது, ஆஸ்பத்திரி ஆட்களைக் கடலை போட அனுப்புவதா என்று முதலில் கடுகடுத்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். தோட்டக்காரரையும், தம் வீட்டுச் சமையல்காரரையும் அனுப்பச் சொன்னார்.

மறுநாள் விடியும்போது கவலைக்காரர் வந்தார். பக்கத்துக் காட்டுக்காரரிடம் சாலும் வடமும் இரவல் வாங்கி, தோளில் ஒரு வேப்ப மரச்சட்டம் சுமந்துகொண்டு வந்திருந்தார். உருளையும் இரவல்தான். கல்தூண்களில் சட்டத்தைப் பூட்டி, மாடுகளைச் சரிவுக்கு ஓட்டினார். என் வெண்டைச் செடிகளை ஓரமாக ஒதுக்கி ஓட்டப் பார்த்தார், முடியவில்லை. ஐந்தாறு நடையில் ஒன்றும் மிஞ்சவில்லை. சால் மேலே வந்து கவிழ்ந்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடிய சத்தத்தைக் கேட்டு, நடக்க முடிந்த நோயாளிகள் எல்லோரும் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். பித்தளைக் குடத்துக்காரரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று, மாடு வாங்கிய சந்தை எது என்று அவரைக் கேட்டார்.

ஒரே ஜோடி இரண்டு வேலையும் தாங்காது என்று ஒருநாள் விட்டு ஒருநாள் பக்கத்துக் காட்டு ஜோடியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை நானும் விதை போடப் போனேன். யாரும் என்னை அழைக்கவில்லை. நான் மிக நெருக்கமாகப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவர் மனைவி என் பின்னாலேயே வந்து, பாதியை எடுத்துத் தள்ளித் தள்ளிப் போட்டாள்.

பத்தாம் நாள் கரண்ட் வந்தது. குழாயில் முதலில் துருத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். அன்றைக்கே அவர் சட்டத்தைக் கழற்றப் போனார். கழற்ற வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு டாக்டரிடம் ஒரு காரியம் கேட்டேன். ஒரு முழு நாள், காலையில் ஆரம்பித்து, மெயினை நாமே அணைத்துவிட வேண்டும். தொட்டியையும் முதலிலேயே வடித்துவிட வேண்டும். இருக்கிற கரண்டை வேண்டுமென்றே அணைப்பதா என்று கம்பவுண்டர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. அணைத்தோம். நான் எதையும் செய்யவில்லை. வாசல் வாசலாகப் போய் உட்கார்ந்து யார் எதைத் தேடி வருகிறார்கள் என்று மட்டும் பார்த்தேன். வெளிச்சத்தைத் தேடி ஒருவரும் வரவில்லை. சலவைக்காரர் வந்தார். கக்கூஸ் கழுவும் பெண் வந்து குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, அவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று முணுமுணுத்தாள். அவளிடம் எதையும் சொல்லும் வழக்கமே எங்களுக்கு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அவளுக்கு ஒரு விளக்குக்கூட நான் ஒதுக்கவில்லை. அன்று முழுதும் அதிகம் தவித்தவள் அவள்தான். அடுத்த ஏற்பாட்டை அவளைக் கேட்டுத்தான் தொடங்கினேன். கக்கூஸுக்குப் பக்கத்தில் எப்போதும் நிறைந்த இரண்டு தொட்டி வேண்டும், மூடியோடு வேண்டும் என்றாள். கட்டினோம்.

மாடு ஒரு ஜோடி வேண்டும் என்று டாக்டர் மேலே எழுதினார். மோட்டார் உள்ள ஆஸ்பத்திரிக்கு மாடு எதற்கு என்று பதில் வந்தது. அதனால் கவலைக்காரரோடு வாய்ப்பேச்சாக ஓர் ஒப்பந்தம். கரண்ட் போய் நான்கு மணி நேரம் ஆனால் தோட்டக்காரர் அடிவாரத்துக்குப் புறப்பட வேண்டும். உழவு நாளானால் நாங்கள் ஆள் அனுப்ப வேண்டும். சாலும் வடமும் புதிதாக வாங்கி என் ஸ்டோரில் வைத்தேன். தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்க மாதம் ஒருதரம் விளக்கெண்ணெய் தடவ வேண்டும், எலி அண்டாமல் உயரக் கட்டித் தொங்கவிட வேண்டும். அரிக்கேன் விளக்குகளுக்கு நடுவே அது ஒரு தோல் பிராணி மாதிரி தொங்கியது. ஸ்டோருக்குள் வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

மலைப் பெண் மூன்று வாரம் இருந்தாள். போகும்போது அவளால் நடக்க முடிந்தது. ஆனால் பேருந்து ரோடு வரைக்கும்தான். அங்கிருந்து மறுபடி தூளி. அவள் ஆத்தா ஒரு படி சாமை கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் புயல் காற்றில் மறுபடி இரண்டு நாள் கரண்ட் இல்லை. தோட்டக்காரர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். விடியும்போது கிணற்று மேட்டுக்குப் போனேன். மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றது கவலைக்காரரின் மனைவி. அவர் பொம்மிடிப் பக்கம் ஒரு சாவுக்குப் போயிருந்தாராம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து மாடுகளைச் சரிவில் இறக்கினாள். புதிதாக மாற்றலாகி வந்திருந்த டாக்டர் வாசலில் நின்று, ஒரு பொம்பளை கவலை ஓட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. தொட்டிகள் எல்லாம் நிரம்பிய பிறகு நிறுத்தினாள்.

போகும் முன் என்னைக் கூப்பிட்டு, இடது மாட்டின் கழுத்தில் நுகத்தடி பட்டுப் புண்ணாகியிருந்த இடத்தைக் காட்டினாள்.

"இதுக்கு உங்ககிட்ட மருந்து எதுனா இருக்குதுங்களா?"

மனிதர்களுக்கான மருந்துதான் இருந்தது. கொண்டுவந்தேன். கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு, அவள் மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொள்ள, புண்ணைத் துடைத்து மருந்து வைத்தேன். எரிந்திருக்கும். மாடு ஒருதரம் தலையை உதறிவிட்டு, பிறகு பேசாமல் நின்றது.